ஒன்பது மணி அழைப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கணவர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து, சபா பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் கிடைத்துப் போயிருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் செய்வேன். முதலில் நன்றாகப் பேசினாள். இப்போது இரண்டு வாரமாகப் பாதி நாள் எடுப்பதில்லை. எடுத்தாலும் “ம்”, “சரிம்மா”, அவ்வளவுதான். மார்க் கேட்டால் கோபப்படுகிறாள். காசு வேணுமா என்றால் வேண்டாம் என்கிறாள். “கூட்டிட்டு வந்துடலாம், ஈப்போவிலேயே ஏதாவது படிக்கட்டும்” என்கிறார் இவர். ஐந்தாம் படிவத்தைத் தாண்டாத நாங்கள் அவளுக்கு என்ன உதவி செய்துவிட முடியும்? பெயர் போட வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

கூட்டி வராதீர்கள். இரண்டு வார மௌனத்துக்காக ஒரு படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் அந்த ஒன்பது மணியைப் பார்ப்போம். கடல் தாண்டிக் கிழக்கே இருக்கும் சபாவில் கடிகாரம் நம்முடையதுதான், சூரியன் வேறு. நமக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தியே அங்கே விடிந்துவிடும், சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். உங்களுக்கு ஒன்பது என்றால் அவள் உடம்புக்குப் பத்து. காலையிலிருந்து வகுப்பு, ஆய்வுக்கூடம், குழு வேலை என்று ஓடிக் களைத்த பிள்ளையிடம் “மார்க் எவ்வளவு?” என்று கேட்டால் “ம்” தான் வரும். தினசரி அழைப்பை விட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் போதும், நேரத்தை அவளே சொல்லட்டும்.

அவள் காசு வேண்டாம் என்கிறாளே, எனக்கு அதுதான் கவலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவின் சம்பளம் சென் கணக்கு வரைக்கும் தெரியும். “வேணுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு மூன்று வேளையும் மேகி தின்பார்கள். பிடிபிடிஎன் என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைத்திருந்தாலும் முதல் பருவத்தில் பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதனால் கேட்காதீர்கள், அனுப்புங்கள். முப்பது வெள்ளியோ (ரிங்கிட்) ஐம்பது வெள்ளியோ, உங்களால் முடிந்தது. ஆனால் திங்கட்கிழமை என்றால் தவறாமல் திங்கட்கிழமை. என்றைக்கு வரும் என்று தெரிந்தால் சின்னத் தொகையை வைத்தும் ஒரு பிள்ளை வாரத்தை ஓட்டிவிடும்.

பெரிய செலவு வந்தால் வட்டிக்கு வாங்காதீர்கள். உங்கள் இருவரின் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) சேமிப்பில் பிள்ளையின் படிப்புக்கென்று எடுக்க வழியிருக்கிறது. முன்பு இரண்டாம் கணக்கு என்போம், 2024 மே மாதத்திலிருந்து அதற்கு அக்காவுன் செஜாத்தெரா என்று பெயர். உங்கள் மாமனாரோ அப்பாவோ அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாரா என்று வீட்டில் விசாரியுங்கள். இருந்திருந்தால் சங்க அலுவலகத்தில் கல்வி உதவி பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மார்க்குக்கு வருகிறேன்.

1983-இல் நான் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), கோயில் பூசாரி என்று எல்லாருக்கும் தெரியும். முதல் பருவத்திலேயே வேதியியலில் தோற்றுப்போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அடிப்பார் என்று பயந்து அல்ல, அவர் ஒருநாளும் அடித்ததில்லை. நாளைக் காலையில் அவர் பெரட்டில் எந்த முகத்தோடு நிற்பார் என்று நினைத்தேன், அதனால் வாய் வரவில்லை. மூன்று மாதம் மறைத்தேன். பாடம் புரியவில்லை என்று விரிவுரையாளரிடம் போகவும் கூச்சம். அடுத்த பருவமும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு வந்தபோது, அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையைக் கிள்ளிக்கொண்டே, கையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “மறுபடி எழுத விடுவாங்களா?” என்று மட்டும் கேட்டார். விடுவார்கள் என்றேன். “அப்ப எழுது” என்றார்.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னார். அப்பா மாதாமாதம் ஓர் உறையில் இருபது வெள்ளிக்குப் போஸ்டல் ஆர்டரும், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியும் அனுப்புவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. “நல்லா சாப்பிடு. அப்பா.” எப்போதும் அதேதான். அந்த மாத உறையைப் பிரிக்கக் கை நடுங்கியது. உள்ளே அதே இருபது வெள்ளி, அதே வரி. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் சிவப்பில் 17, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விரிவுரையாளர் அறைக் கதவைத் தட்டினேன். மறுதேர்விலும் தேறினேன்.

உங்கள் மகள் தோற்றிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்ட செய்தி ஏதாவது இருந்தால் அது முதலில் உங்களிடம் வர வேண்டும். மறைக்கிற பிள்ளை உதவி கேட்காது. தரப்புள்ளிச் சராசரி 2.00-க்குக் கீழே இறங்கினால் பிடிபிடிஎன் பணமே நின்றுபோகலாம். அதற்கு முன்பே அவள் கல்வி ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். நீங்கள் அவருக்கு போன் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, அவள்தான் போக வேண்டும். அதற்கு அவளுக்கு வேண்டிய தைரியம் சின்ன விஷயங்களில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்திலிருந்துதான் வரும். பஸ் கார்டு தொலைந்தது, சின்னத் தேர்வில் குறைந்தது என்று அவள் சொல்லும் நாளில், “அப்பவே சொன்னேன்ல” என்பதை மட்டும் விழுங்கிவிடுங்கள். அவள் முடிவுகளைக் குடும்ப வாட்ஸாப்பில் போடாதீர்கள், நல்லதாக இருந்தாலும். சொந்தக்காரர்கள் “சமையல் படிக்கவா சபா போனா?” என்று கேட்டிருப்பார்கள். அவளுக்கும் அது காதில் விழுந்திருக்கும்.

அடுத்த முறை போனை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அவருக்குப் பேச ஒன்றுமில்லை என்பீர்கள். நிறைய இருக்கிறது. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும், அடிபட்ட பழமும் தேங்கிய பழமும் எண்ணெயைக் கெடுக்கும் என்று அவருக்கு வேலையிலேயே தெரியும். ஏன் கெடுகிறது என்பது உணவு அறிவியலில் ஒரு பாடம். பழம் நசுங்கியதும் உள்ளே இருக்கும் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பிக்கிறது, அமிலம் ஏறுகிறது. “குலை ரெண்டு நாள் கிடந்தா என்னம்மா ஆகும்?” என்று அவர் கேட்கட்டும். அவள் சொல்லட்டும். எந்தப் பழம் சீக்கிரம் கெடும், மழை நாளில் என்ன ஆகும் என்று அவர் அவளுக்குச் சொல்லட்டும்.

அன்புடன்,
அக்கா