ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கும்போது: கேள்வி பதில்

கேள்வி: திருமணமாகி 11 ஆண்டுகள். குழந்தைக்காக ஜெபிக்காத நாளே இல்லை. ஆண்டவர் எங்களை மறந்துவிட்டாரா ஐயா?

பதில்: சகோதரி, "மறந்துவிட்டாரா" என்று கேட்டதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தில் தாவீதும் அதையே கேட்கிறார். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது.

ஆதியாகமம் 25-ஐ நிதானமாக வாசியுங்கள். ஈசாக்கு மலடியாயிருந்த மனைவிக்காக வேண்டுதல் செய்தார், கர்த்தர் கேட்டருளினார், ரெபெக்காள் கர்ப்பந்தரித்தாள். எல்லாம் ஒரே வசனம். ஆனால் மணம் முடித்தபோது ஈசாக்குக்கு வயது 40, இரட்டையர் பிறந்தபோது 60. இருபது ஆண்டுகள் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வயதைக் கழித்துப் பார்க்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை. மேடையில் சாட்சி சொல்கிறவர்களின் கதையும் அப்படித்தான். கேட்டதும் கிடைத்ததும் நம் காதில் விழுகின்றன, நடுவே அழுத இரவுகள் விழுவதில்லை.

இதை வைத்து உங்களுக்கும் பிள்ளை பிறந்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. தேதி குறித்துத் தருகிறவர் எவருக்கும் இல்லை. மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் கணவரும் இதே பாரத்தைச் சுமக்கிறார், அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

கேள்வி: 40 நாட்களில் வேலை கிடைக்கும் என்று ஓர் ஊழியர் தீர்க்கதரிசனம் சொன்னார். நாள் கடந்துவிட்டது. என் விசுவாசம் குறைவு என்கிறார்.

பதில்: குறை உங்களுடையது அல்ல. கர்த்தருடைய நாமத்தில் ஒருவன் சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 சொல்கிறது. கேட்டவனின் விசுவாசத்தை அளந்து பார்க்கும்படி அங்கே சொல்லப்படவில்லை.

அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனின் நுகம் இரண்டே ஆண்டுகளில் முறியும் என்றான். ஜனங்களுக்கு இனித்திருக்கும். எரேமியாவோ, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் 70 ஆண்டுகள் என்று எழுதினார். நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கிறது என்று நாம் சுவரில் மாட்டி வைக்கும் எரேமியா 29:11-க்கு முந்திய வசனம் அந்த 70 ஆண்டுகளைப் பற்றியதுதான்! அதே கடிதத்தில், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்றும் எழுதியிருக்கிறது. காத்திருப்பது என்றால் எனக்கு இதுதான். விண்ணப்பம் போடுங்கள் தம்பி. கிடைக்கிற சிறிய வேலையைச் செய்துகொண்டே ஜெபியுங்கள்.

கேள்வி: எந்த நேரத்தில் ஜெபித்தால் பதில் சீக்கிரம் வரும்?

பதில்: அப்படி ஒரு நேரம் இல்லை.

கேள்வி: ஒருமுறை விசுவாசத்தோடு கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்பது அவிசுவாசம். மாற்கு 11:24 அதைத்தானே சொல்கிறது?

பதில்: பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள் என்கிறது அந்த வசனம். மறுபடி கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. எலியா மழைக்காக ஜெபித்துத் தன் ஊழியக்காரனைக் கடலைப் பார்க்க அனுப்பியபோது, ஏழாம் முறைதான் ஒரு சிறிய மேகம் தெரிந்தது. எலியா அவிசுவாசியா?

கேள்வி (அதே சகோதரர்): வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6:7-இல் இயேசுவே தடுத்திருக்கிறாரே?

பதில்: தடுத்தது அலப்புவதை. அதிக வசனிப்பினால் தெய்வத்தை அசைத்துவிடலாம் என்ற எண்ணத்தை. அதே இயேசு கெத்செமனேயில் மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44-இல் இருக்கிறது. "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பதில் உள்ள கிரேக்க வினை, கேட்டுக்கொண்டே இருப்பதைக் குறிக்கும் வடிவம். நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையின் உவமையை, சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணுவதற்கென்றே சொன்னார்.

கேள்வி (மீண்டும் அவரே): அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டாரே?

பதில்: பதில் வந்தது, நிறுத்தினார். "என் கிருபை உனக்குப்போதும்" என்று கேட்ட பிறகு நிறுத்தினார். எண்ணிக்கை முடிந்ததால் அல்ல. சகோதரரே, உங்கள் வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தப் போதனை களைத்துப்போனவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அடுத்த கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: வீட்டை விட்டுப் போன என் அண்ணனுக்காக அம்மா 12 ஆண்டுகளாக ஜெபிக்கிறார். மேலே அந்தச் சகோதரர் எழுதியதைப் படித்துவிட்டு, "நான் தினமும் கேட்டதுதான் தப்போ?" என்று அழுகிறார்.

பதில்: தப்பே இல்லை என்று அம்மாவிடம் இப்போதே சொல்லுங்கள். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தவர். கி.பி. 387-இல் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா கண்மூடினார். பார்த்துவிட்டுத்தான் போனார். அம்மா கேட்டுக்கொண்டே இருக்கட்டும். அண்ணன் திரும்பி வரும் நாளை மட்டும் எவரிடமும் போய்க் குறித்துக் கேட்க வேண்டாம்.

கேள்வி: சுகத்துக்காகக் காத்திருக்கும்போது மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. எசேக்கியா ராஜா குணமாவார் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பின்னும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). நிறுத்தச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரை விட்டு விலகுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக வேலைக்காக ஜெபிக்கிறேன். எப்போது கிடைக்கும்?

பதில்: மேலே எழுதிவிட்டேன், அருள்கூர்ந்து வாசியுங்கள். "எப்போது" என்று கேட்கும் எல்லாருக்கும் சேர்த்து: காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்று அப்போஸ்தலர்களுக்கே சொல்லப்பட்டது. எனக்கும் தெரியாது. நாள் குறிக்கிறவர்களுக்கும் தெரியாது.

கேள்வி: எனக்கு ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. முழங்காலில் நின்று சும்மா எழுந்துவிடுகிறேன்.

பதில்: அம்மா, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26-இல் இருக்கிறது. முழங்காலில் நிற்பதை மட்டும் விடாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அது இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட விடிவதில்லை. யுத்தத்தின்போது உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் சூரியன் அஸ்தமிக்குமட்டும் அவற்றைத் தாங்கிப் பிடித்தார்கள். உங்களுக்கு அப்படி இருவர் வேண்டும். நம்பிக்கையான ஒருவரிடம் இன்று இரவே பேசுங்கள். இரண்டாவது ஆளாக நான் இருக்கிறேன்.