மனிதாபிமான மருத்துவத்தில் பிஎச்டி என்றால் என்ன? அதற்கு டாக்டராக இருக்க வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனில் நம் பிள்ளைகள் சிலர் கேட்கிற கேள்வி இது. போர், வெள்ளம், கொள்ளைநோய் என்று எல்லாம் குலைந்துபோன இடத்தில் மக்களுக்கு வைத்தியம் எப்படிப் போய்ச் சேருகிறது, ஏன் சேராமல் போகிறது என்று சில வருடங்கள் உட்கார்ந்து ஆராய்வதுதான் இந்தப் படிப்பு.

காவடியன்று கோயிலில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போடுகிறோம் இல்லையா, அதில் சமைக்கிறவர் ஒருவர், மூன்றாவது பந்தியில் ஏன் சாம்பார் தீர்ந்தது, வரிசையில் நிற்க முடியாத பாட்டிக்குச் சாப்பாடு போனதா என்று பார்த்து அடுத்த வருடக் கணக்கை மாற்றுகிறவர் இன்னொருவர். பிஎச்டி இரண்டாமவர் வேலை.

எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? நல்ல மனசை மட்டும் நம்பினால் தவறான இடத்துக்குத் தவறான மருந்து போகும். கேப் டவுன் பக்கம் கயலிட்ஷாவில் 2001-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எச்ஐவி மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்தில், ஆப்பிரிக்க ஏழைகள் வேளை தவறாமல் மாத்திரை போட மாட்டார்கள் என்று வெளிநாட்டுப் பெரிய அதிகாரிகளே பேசினார்கள். ஒழுங்காகப் போட்டார்கள் என்று அங்கே பொறுமையாக எடுத்த கணக்கு காட்டியது. எனக்கு அதில் தனிப் பெருமை.

இந்தப் படிப்புக்கு இங்கே பெரும்பாலும் வகுப்பு கிடையாது. முதுகலை முடித்து, வழிகாட்டி பிடித்து, ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி (அதற்கே பொறுமை வேண்டும்) ஆய்வேடு எழுத வேண்டும்.

அப்புறம், டாக்டர்கள் மட்டும்தான் சேரலாம் என்பது தப்பு, நர்ஸ்களும் புள்ளியியல், சமூகவியல் படித்தவர்களும் சேரலாம்; ஆனால் பட்டம் வாங்கியதும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வருமே தவிர, மருந்துச் சீட்டு எழுதும் உரிமை அதனால் வராது.