பொய்யான துண்டறிக்கை வந்தால் யாரிடம் புகார் செய்வது?

மெல்பர்ன் வாசகர் ஒருவரின் கேள்வி: "2023 'வாய்ஸ்' வாக்கெடுப்பின்போது, 'ஆம்' ஜெயித்தால் வீட்டு நிலம் பறிபோகும் என்று ஒரு துண்டறிக்கை எங்கள் தபால் பெட்டியில் கிடந்தது. அடுத்த வாக்கெடுப்பிலும் இப்படி வந்தால், அச்சடித்தவர்களைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா?"

உங்கள் கோபம் நியாயமானது. பூர்வகுடிகள் தங்கள் கருத்தை நாடாளுமன்றத்திடமும் அரசிடமும் சொல்ல 'வாய்ஸ்' என்ற ஓர் அமைப்பு வேண்டும் என்பதுதான் அன்றைய அரசியலமைப்புத் திருத்தம். யாருடைய நிலத்தையும் எடுக்கும் அதிகாரம் அதில் இல்லை. ஆனாலும் அந்தப் பொய்யைத் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லை.

வாக்கெடுப்புச் சட்டப்படி, ஓட்டுப் போடும் முறையைப் பற்றிக் குழப்பினால்தான் குற்றம். வாக்கெடுப்பு சனிக்கிழமை நடக்கும்போது ஞாயிறு என்று நோட்டீஸ் அடித்தால் மாட்டிக்கொள்வார்கள். எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதில் பொய் சொன்னால் தப்பித்துவிடுவார்கள். தேர்தல் சட்டத்தின் இதேபோன்ற பிரிவுக்கு 1981-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்ன விளக்கமும் இதுதான். 1983-இல் பொய் விளம்பரங்களைத் தடுக்க ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மறு வருடமே எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

2023-இல், வாக்குச்சீட்டில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதாமல் டிக் போட்டால் 'ஆம்' என்று எண்ணுவார்கள், பெருக்கல் குறி போட்டால் எண்ண மாட்டார்கள் என்ற சர்ச்சை நினைவிருக்கும். அது ஓட்டுப் போடும் முறை பற்றியது என்பதால், இது பல ஆண்டுகளாக உள்ள நடைமுறைதான் என்று தேர்தல் ஆணையம் பகிரங்கமாக விளக்கியது. ஆனால் வீடு வீடாக அந்த ஆணையமே அனுப்பிய அதிகாரபூர்வ கையேட்டில் இரு தரப்பும் எழுதிய வாதங்களைச் சரிபார்க்க அதற்கு அதிகாரம் இல்லை. 'ஆம்' பக்கம் நின்ற சட்ட அறிஞர் கிரெக் கிரேவனின் பழைய வாசகம், அவர் ஆட்சேபித்தும் 'இல்லை' தரப்பின் பக்கத்தில் அச்சானது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? துண்டறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். இரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். அடியில் பொடி எழுத்தில் வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அது சட்டமீறல். ஆணையத்திடம் புகார் செய்யலாம். இருந்தால், அந்த முகவரிக்கே எழுதுங்கள். திருத்தத்தின் வாசகத்தை நகலெடுத்து இணைத்து, "இதில் எந்த வரி நிலத்தை எடுக்கச் சொல்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அதை வெளியிட்டவர் உங்கள் எம்.பி.யாக இருந்தால், கடிதத்தின் நகலை உள்ளூர்ப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். நாடாளுமன்றத்துக்குள் பேசியதற்கு அவர்மேல் வழக்குப் போட முடியாது. வெளியே அச்சடித்ததற்குப் பதில் கேட்கத் தடையில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில், மாநிலத் தேர்தல் விளம்பரத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருந்தால் அதைத் திரும்பப் பெறும்படி தேர்தல் ஆணையர் கேட்கலாம், அபராதமும் உண்டு. தேசிய அளவில் அப்படியொரு மசோதா 2024 நவம்பரில் வந்தது, நிறைவேறவில்லை. உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அது மறுபடி வந்தால் ஆதரிப்பீர்களா என்று கேளுங்கள். கேட்கும்போது அந்தத் துண்டறிக்கை கையில் இருக்கட்டும்.