எங்கள் சபையில் இந்தக் கோடைக்கு வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடத்திட்டத்தை வாங்காமல் நாங்களே உருவாக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் 11 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நாங்களும் பல வருடங்கள் பாடத்திட்டத்தை வாங்கித்தான் விடுமுறை வேதாகமப் பள்ளியை நடத்தினோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு, படம், கைவேலை எல்லாம் தயாராக வந்துவிடும். ஆனால் ஒரு வருடம் பனிமலையைக் கருப்பொருளாக வைத்த திட்டம் ஒன்று வந்தது. ஏப்ரல் வெயிலில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு வாங்கி மேடை முழுவதும் பனி செய்தோம். நிறைவு நாளில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "அக்கா, இயேசு பனியில் வழுக்கி விழுந்ததே இல்லையா?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஐந்து நாளும் அவன் கண் முன்னால் இருந்தது பனிதான்.

எனவே அலங்காரத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிற, வீட்டில் பெரியவர்கள் ஓயாமல் பேசுகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேதாகமத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். எங்களுக்கு அது தண்ணீராக அமைந்தது. 2024 கோடையில் இந்த ஊரில் எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போய், டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த நாட்களைப் பிள்ளைகள் மறக்கவில்லை. குழாயில் வருவதோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு இறைத்து ஏற்றப்படும் காவிரி. தண்ணீரின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேட உட்கார்ந்தபோது ஆதியாகமத்திலேயே கிணறுகள் வரிசையாக வந்தன. நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே கிணற்றைத் 'துரவு' என்கிறது. எங்கள் இளம் ஆசிரியர்களுக்கே அந்தச் சொல் தெரியவில்லை. சபையின் பாட்டி ஒருவர்தான், "தோட்டம் துரவு என்று சொல்வோமே, அந்தத் துரவு" என்று விளக்கினார். அன்றே அவரை ஐந்து நாளும் கதை சொல்ல அழைத்துவிட்டோம். நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அதுதான்.

முதல் நாள், வனாந்தரத்தில் மகனோடு தாகத்தில் தவித்துத் துரவைக் கண்ட ஆகார். இரண்டாம் நாள் ரெபெக்காள். கிணற்றடிக்கு வந்த ஆபிரகாமின் வேலைக்காரனுடைய பத்து ஒட்டகங்களுக்கு அவள் தண்ணீர் வார்த்தாள். நன்றாகத் தாகமெடுத்த ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர் வரை குடிக்கும். அப்படியானால் பத்துக்கும் சேர்த்து 1,000 லிட்டர். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் கணக்கில் 50 கேன். இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். பிறகு முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிறு குடங்களில் தண்ணீர் சுமக்க விட்டோம். ஒரு கேன் அளவு சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. "இன்னும் 49 இருக்கிறதா?" என்று ஒரு பெண் கேட்ட தொனியை நான் எழுதிக் காட்ட முடியாது. ரெபெக்காளின் நல்ல மனதைப் பற்றி நாங்கள் தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தண்ணீர் முழுவதும் ஆலயத்துச் செடிகளுக்குப் போனது. கொட்டி வீணாக்கியிருந்தால் பெற்றோரே சண்டைக்கு வந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஆபிரகாமின் மகன் ஈசாக்கு. அவன் ஆட்கள் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கு கேராரின் மேய்ப்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவற்றுக்கு ஏசேக்கு, சித்னா என்று பேரிட்டுவிட்டு விலகிப் போய், மூன்றாவதாக, யாரும் சண்டைக்கு வராத ரெகொபோத்தைத் தோண்டுகிறான். பெரிய பிள்ளைகள் இதை டேங்கர் வரிசைச் சண்டையாக நடித்தார்கள். வசனம் நாங்கள் எழுதித் தரவில்லை. எல்லாம் அவர்கள் வீட்டு வாசலில் கேட்டதுதான்.

நான்காம் நாள் எசேக்கியா ராஜா. அசீரியர் முற்றுகைக்கு அஞ்சி எருசலேமுக்குள் தண்ணீர் வர மலையைக் குடைந்த கதை. சுமார் 533 மீட்டர் நீளச் சுரங்கம்; இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்தார்கள். அதைச் சொல்லும் கல்வெட்டை 1880-இல் கண்டுபிடித்தவன் ஒரு பள்ளி மாணவன் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேசைகளை வரிசையாகப் போட்டுப் போர்வை மூடி, இரு பக்கமிருந்தும் இரண்டு குழுக்களைத் தவழ விட்டோம். நடுவில் தலைகள் முட்டிக்கொண்டன; பஞ்சு மருந்தோடு ஒருவர் தயாராக இருப்பது நல்லது. அந்தச் சுரங்கத்துத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் சீலோவாம். ஐந்தாம் நாள், இயேசு சொன்னபடி பிறவிக் குருடன் போய்க் கண் கழுவிப் பார்வை பெற்ற அதே குளம். கதைகள் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் உங்கள் திட்டம் தேறிவிட்டது என்று அர்த்தம். யாக்கோபின் கிணற்றடியில் இயேசு சந்தித்த சமாரியப் பெண் எங்கே என்று ஆயர் கேட்டார். அவளுக்கு இருந்த ஐந்து புருஷரைப் பற்றி ஆறு வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் துணிவு எங்கள் யாருக்கும் இல்லை.

மொழிச் சிக்கலை முதலிலேயே யோசித்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் தமிழில் வாயாடுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். அதனால் மனப்பாட வசனத்தைக் கன்னட எழுத்தில் தமிழாகவே எழுதி ஒட்டினோம். கமிட்டியில் ஒருவருக்கு இது வருத்தம். ஆனால் வசனம் பிள்ளைகளின் நாவில் தமிழாகத்தான் நின்றது. பாட்டுகளுக்குக் கும்மி மெட்டில் நாங்களே வரிகள் கட்டினோம். இலக்கண சுத்தம் எதிர்பார்க்க வேண்டாம்.

தேதியைப் பொறுத்தவரை, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் விடுமுறை தொடங்கிவிடுகிறது. மே பிறந்தால் பாதிப் பேர் வேலூர், ஆம்பூர், நெல்லை என்று ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த நாளே வைக்காதீர்கள். பரிசுத்த வார ஆராதனைகளில் ஓடியாடிய இளைஞர்கள் களைத்திருப்பார்கள். பகல் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் இங்கே மாலை மழையை நம்ப முடியாது.

அக்கம்பக்கத்துப் பிற மதப் பிள்ளைகளும் வருவார்கள். இங்கே வேதாகமக் கதைகள்தான் சொல்லித்தருவோம் என்று பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே சேருங்கள். எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். பிள்ளையை யார் வந்து அழைத்துப் போவார் என்பது சீட்டில் இருக்க வேண்டும். இந்த இரண்டில் மட்டும் தெரிந்தவர், சொந்தக்காரர் என்று தளர்த்தாதீர்கள்.

64 பிள்ளைகளுக்கு எங்களுக்கு ஆன செலவு சுமார் 19,000 ரூபாய். பெரும்பகுதி பன்னுக்கும் எலுமிச்சைச் சாறுக்கும். குடங்களையும் வாளிகளையும் வீடுகளிலிருந்து இரவல் வாங்கினோம். நீங்களும் வாங்கினால் அடியில் பெயர் எழுதிவிடுங்கள். எங்கள் பண்டக அறையில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் இன்னும் யாருடையவை என்று தெரியாமல் நிற்கின்றன.