பழைய ஆல்ட்டோவுக்கு எந்த பிரேக் பேட் வாங்கலாம்?

கேள்வி: என்னுடையது 2010 மாடல் ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ. 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. எஃப்சி எடுத்து ஆர்சியையும் புதுப்பித்தாயிற்று. இப்போது பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, முன்பக்கம் கீச்சென்று சத்தம் வேறு. முன் பேட், பின் ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். கம்பெனி ஐட்டம், பிராண்டட், லோக்கல் என்று மூன்று விலை. லோக்கல் பேட், கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குதான். பழைய வண்டிதானே, லோக்கல் போதாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: போதாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பேட் விலை இல்லை, பெடல் கீழே போகிறது என்ற வரிதான். முன் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்வும் பட்டை) தேய்ந்தால், அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே வந்து தானே ஈடுகட்டிவிடும். பெடல் இறங்குகிறது என்றால் பின் ஷூவுக்கும் அது உரசி நிறுத்தும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாகியிருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசியலாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரே போயிருக்கலாம். முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே போயிருந்தால், காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம், பின் டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு ஷூக்களின் மேல்முனைகளுக்கு நடுவே சின்ன உருளை ஒன்று இருக்கும், அதுதான் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர். அதன் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியின் விளிம்பை லேசாக விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் மெக்கானிக் சொன்னது சரி. “வாஷர் கிட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்கள்) மட்டும் போட்டால் போதும், பாதிச் செலவு” என்று யாராவது சொல்வார்கள். பதினைந்து வருஷ வண்டியில் சிலிண்டரின் உள்சுவர் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழி புது ரப்பரையும் கிழித்துவிடும். முழு சிலிண்டராகவே, இரண்டு பக்கமும் வாங்குங்கள். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவதும் வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்குக்குள் இறங்கிய ஆயில், சூடேறும்போது மறுபடி மேலே வரும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இன்னொன்று: ரப்பர் பாகங்களை பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள், ஊதிப்போகும்.

இனி பேட். கார் கம்பெனி பெட்டியில் வரும் பேடை கார் கம்பெனி செய்வதில்லை. பிரேக் பாகம் செய்யும் நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. அப்படிப்பட்ட நிறுவனங்கள் நம் ஊரிலேயே உண்டு. டிவிஎஸ் கிர்லிங் பெயரில் விற்கும் பிரேக்ஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது, சென்னை பாடியில் இருக்கிறது. ரானேயும் சென்னைதான். ஆகவே பெயர் பெற்ற பிராண்டின் சரியான பேட் கிடைத்தால் கம்பெனி பெட்டிக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. நான் பிராண்டட் பக்கம்தான். லோக்கலை ஒருமுறை என் பழைய காரில் போட்டுப் பார்த்தவன். நாலே மாதத்தில் டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்தது. பேடில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு டிஸ்க்குக்குப் போயிற்று.

கடையில் “ஆல்ட்டோ பேட்” என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய 800 சிசி, 2010-இல் வந்த கே10, 2012-இல் வந்த ஆல்ட்டோ 800 என்று மூன்றுக்கும் அதே பெயர்தான். ஆர்சி நகலைக் காட்டி சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, எம்ஆர்பி, மாதம்-வருடம் இருக்க வேண்டும். பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம் என்று மெக்கானிக் சொன்னால், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

பிரேக் ஆயிலை, வண்டியிலுள்ள ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ ரகம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், சீல் உடையாத டப்பாவாக. பட்டறையில் பாதி திறந்து கிடப்பது வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், கொதிநிலை குறைந்துவிடும். டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு சேராது. புது பேட் போட்டபின் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் அவசரம் வந்தால் தவிர திடீர் பிரேக் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: நான் வாங்கிய பிரேக் ஷூவில் லைனிங் ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. மறுநாளே கொண்டுபோனேன். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். (மதுரை வாசகர்)

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். ஷூவை வண்டியில் மாட்டாமல், பெட்டியோடு படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.