வலையில் போனது எவ்வளவு, தானாகச் செத்தது எவ்வளவு?

மீன்வளக் கணக்கு பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கடலுக்குள் ஒரு மீன் வலையில் சிக்கிச் செத்ததா, பெரிய மீனின் வாயில் போனதா என்று யாரும் பார்த்ததில்லை. அப்படியிருக்க, "அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்கள்" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: செத்ததை எண்ண முடியாது, ஆனால் மிஞ்சியதை எண்ணலாம். குளிர்க்கடல் மீன்களின் தலைக்குள், காதுப் பகுதியில், சின்னதாக ஒரு கல் இருக்கும். அதை அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெரியும், அதை எண்ணினால் வயது. இப்போது பிடித்த மீனிலிருந்து எடுத்த ஒரு மாதிரியில் 4 வயது மீன் 1000, 5 வயது 670, 6 வயது 449, 7 வயது 301 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் இயல் மடக்கை 6.91, 6.51, 6.11, 5.71. வயது ஒன்று ஏறும்போதெல்லாம் 0.4 இறங்குகிறது, இல்லையா? அந்த 0.4 தான் மொத்த மரண விகிதம். ஓராண்டில் நூறு மீனில் 33 சாகிறது என்று அர்த்தம். இதில் ஒரு நிபந்தனை உண்டு: ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் குஞ்சுகள் சேர்ந்திருக்க வேண்டும், இந்த வயது மீன்கள் எல்லாம் வலையில் ஒரே மாதிரி சிக்க வேண்டும். ஏதாவது ஓர் ஆண்டில் குஞ்சுகள் அமோகமாகத் தேறியிருந்தால் கோடு கோணலாகிவிடும்.

கஷ்டம் இதற்குப் பிறகுதான். அந்த 0.4-இல் மீனவர் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு? கரைக்கு வந்த மீனை எத்தனை முறை எண்ணினாலும் இது மட்டும் கிடைக்காது, வெளியிலிருந்து ஒரு துப்பு வேண்டும். இரண்டாம் உலகப் போரில் வட கடலில் மீன்பிடிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. போருக்கு முன்னும் பின்னும் பிளேஸ் என்ற தட்டை மீனின் வயதுக் கணக்கை ஒப்பிட்டு, வலை இல்லாத காலத்தில் அது எவ்வளவு செத்தது என்று பிரிட்டன் மீன்வள விஞ்ஞானிகள் பெவர்ட்டனும் ஹோல்ட்டும் கணக்கிட்டார்கள். 1957-இல் வந்த அவர்கள் ஆய்வில் இயற்கை மரணம் 0.1 அளவில்தான், மீன்பிடி மரணமோ அதைப் போலப் பல மடங்கு. போரை நம்பி ஆராய்ச்சி நடத்த முடியாது என்பதால் இன்னொரு வழி, மீனுக்கு அடையாள வில்லை குத்தி விடுவது. எத்தனை வில்லை திரும்பி வருகிறது என்பதில் மீன்பிடி மரணம் தெரியும். வில்லை கழன்று விழலாம், பிடித்தவர் சொல்லாமலும் விடலாம். அதனால் சில மீன்களுக்கு இரண்டு வில்லை குத்துகிறார்கள், சில வில்லைகளுக்குப் பெரிய பரிசு வைக்கிறார்கள், அதிலிருந்து இரண்டு கசிவையும் மதிப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

கேள்வி: மீன்பிடி மரணம் 1.2 என்று ஓர் அறிக்கையில் படித்தேன். நூறு மீனில் 120 மீனைப் பிடிக்க முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: முடியாது. அது சதவீதம் இல்லை, நொடிக்கு நொடி நடக்கும் குறைவின் வேகம். மீன்பிடி 1.2, இயற்கை 0.2 என்றால் மொத்தம் 1.4. ஓராண்டில் நூறு மீனில் 75 சாகும், அதில் வலையில் போவது ஏறக்குறைய 65, இயற்கையில் 11 (முழு எண்ணாக்கியதால் கூட்டலில் ஒன்று கூடுகிறது). வலையே இல்லாவிட்டால் இயற்கை 18 மீனைக் கொண்டுபோயிருக்கும். அதில் ஏழு, தானாகச் சாகும் முன்பே வலைக்குப் போய்விட்டது. சாவை இப்படி இரண்டாகப் பிரிக்கும் சமன்பாடு ரஷ்ய மீன்வள விஞ்ஞானி பரனோவ் 1918-இல் எழுதியது, இன்றைக்கும் மீன்வளக் கணக்குக்கு அஸ்திவாரம் அதுதான்.

கேள்வி: கனடாவில் விஞ்ஞானிகளின் கணக்குத் தப்பியதால் ஒரு கடலே காலியானதாமே, உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்)

பதில்: பாதி உண்மை. கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்தின் வடக்குக் காட் மீன் அது. 1968-இல் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள். 1977-இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்துக் கடலைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. மீன்பிடி மரணத்தை 0.2-க்குப் பக்கத்தில் வைத்தால் போதும், கூட்டம் தானாகப் பெருகும் என்பது திட்டம்.

கணக்கு பின்னோக்கிப் போகும் வகை. 1970-இல் பிறந்த மீன்களில் ஒவ்வொரு வயதிலும் பிடித்ததைக் கூட்டி, இயற்கை மரணத்துக்கு 0.2 சேர்த்தால், முதலில் எத்தனை இருந்தன என்று வந்துவிடும். பிடித்து முடிந்த மீன்களுக்கு இது நம்பகமான முறை. ஆனால் இன்னும் கடலில் இருப்பவற்றுக்கு? அங்கேதான் இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடிக்கின்றன என்பதையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். மீன் குறையக் குறைய மிச்சம் இருப்பவை ஓரிடத்தில் கூடிவிடுகின்றன, கப்பல் கருவிகளோடு நேராக அங்கேயே போகிறது, அதனால் ஒரு மணி நேரப் பிடிப்பு குறையவே இல்லை. இந்தக் கணக்கு மாதிரியும் (மாடல்) மீன் நிறைய இருக்கிறது என்று சொன்னது. கரையோர மீனவர்கள் எண்பதுகளிலேயே "மீன் சிறுக்கிறது, குறைகிறது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டிருக்க வேண்டும். 1989-இல் திருத்திப் பார்த்தபோது, மீன்பிடி மரணம் இலக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது தெரிந்தது. விஞ்ஞானிகளின் கணக்குப்படி 1,25,000 டன்தான் பிடிக்கலாம், அரசு அனுமதித்ததோ 2,35,000 டன். இந்த இடத்தில் பழி மாதிரியின் மேல் இல்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடிப்பை நிறுத்தினார்கள், ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது.

இதற்குப் பின் வந்த சண்டையும் முக்கியம். இயற்கை மரணம் 0.2 என்று பிடிவாதமாக வைத்தால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காணாமல் போன மீனுக்குப் பதிவான பிடிப்பு போதவில்லை. குளிர்ந்த நீரும், காட் தின்னும் கேப்லின் என்ற சிறுமீன் இல்லாமல் போனதும் கொன்றன என்றார்கள் சிலர். மீன்வள விஞ்ஞானிகள் ஹட்சிங்ஸும் மையர்ஸும் 1994-இல் அளவு மீறிய பிடிப்புதான் காரணம் என்று வாதிட்டார்கள். கப்பலிலிருந்து கடலில் வீசப்பட்ட சின்னக் காட் மீன் எந்தப் பதிவிலும் ஏறாது. ஏறாத பிணமெல்லாம் கணக்கில் இயற்கையின் தலையில் விழும்! பின்னாளில் நோயல் காடிகன் என்ற ஆய்வாளர், இயற்கை மரணம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், பதிவான பிடிப்பும் முழுமையாக இல்லாமல் இருக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்து, வில்லைத் தரவையும் சேர்த்து ஒரு மாதிரி கட்டினார். அதிலும் அந்த ஆண்டுகளில் இயற்கை மரணம் துள்ளி ஏறியதாகவே வந்தது. என் கருத்து, வலை முதலில் கூட்டத்தை மெலிய வைத்தது, கெட்ட ஆண்டுகள் மெலிந்ததன் மேல் விழுந்தன. 0.2 என்ற ஒற்றை எண்ணை வசதிக்காக இத்தனை காலம் வைத்துக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நம் கடல் மீனுக்கு இதெல்லாம் பொருந்துமா? 61 நாள் தடைக்காலம் கணக்கில் எங்கே வருகிறது? (விசைப்படகு உரிமையாளர், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: வெப்பக்கடல் மீனில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, அதனால் இங்கே பெரும்பாலும் நீளத்தை வைத்துத்தான் கணக்கு. உதாரணத்துக்கு ஒரு மீன் 20 செ.மீ. வரை வளரும், வளர்ச்சி வேகம் (உச்ச நீளத்தை நெருங்கும் வேகம், செ.மீ. இல்லை) ஆண்டுக்கு 1, 10 செ.மீ.யிலிருந்து வலையில் சிக்கும் என்று எடுத்துக்கொள்வோம். சிக்கியவற்றின் சராசரி 14 செ.மீ. என்றால் உச்சத்துக்கு மிச்சம் 6, சிக்கும் அளவைத் தாண்டியது 4, ஆறை நாலால் வகுத்து வளர்ச்சி வேகத்தால் பெருக்கினால் மொத்த மரணம் 1.5. சராசரி 13-க்கு இறங்கினால் அதுவே ஏழை மூன்றால் வகுத்து 2.3. ஏலக்கூடத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சென்டிமீட்டர் அது! இயற்கை மரணத்தை பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 175 மீன் கூட்டங்களை வைத்து 1980-இல் தந்த சூத்திரத்திலிருந்து எடுப்பது வழக்கம். வளர்ச்சி, உச்ச நீளம், நீரின் வெப்பம் மூன்றும் கொடுத்தால் ஓர் எண் வரும். அது சராசரிதான், உங்கள் கடலின் மீனை அளந்து சொன்னது இல்லை.

தடைக்காலத்துக்கு வருவோம். 61 நாள் என்றால் ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, எனவே விசைப்படகின் மீன்பிடி மரணமும் ஆறில் ஒரு பங்கு குறையும் என்று நினைக்கத் தோன்றும். மற்ற நாட்களில் படகு எண்ணிக்கை, இன்ஜின் குதிரைத்திறன், வலை இழுக்கும் நேரம் எல்லாம் கூடினால் அந்த லாபம் கரைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தப்பிய குஞ்சு, ஜூன் 15-க்குப் பிறகு சின்னக் கண்ணி வலையின் மடியில் மாட்டினால் கணக்கில் அதுவும் மரணம்தான். அப்புறம், வலையில் கூடவே வரும் கழிவு மீனும் குஞ்சும் சங்காயம் என்று கூடை கூடையாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறதே, அதில் எந்த இனத்துக் குஞ்சு எத்தனை, என்ன நீளம் என்று பதிவாகாவிட்டால், காட் மீனுக்கு நடந்ததுபோல அந்தச் சாவும் இயற்கையின் பெயரில்தான் எழுதப்படும். நீளம் அளக்க வருபவர்கள் நல்ல மீன் பெட்டியோடு திரும்பினால், சங்காயக் கூடையையும் கொட்டிக் காட்டுங்கள்.