தொழிற்சாலைக்கென்று தனியாக அலைக்கற்றை வாங்க முடியுமா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறோம். 25 ஏக்கர் வளாகம். கிடங்குக்கும் அசெம்பிளி லைனுக்கும் நடுவே ஓடும் தானியங்கி வண்டிகள், வைஃபை விட்டு விட்டு வருவதால் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. ஓர் ஆலோசகர் வந்தார். "செல்போன் கம்பெனிகளிடம் அலைக்கற்றை சும்மா கிடக்கிறது. அதில் கொஞ்சம் விலைக்கோ வாடகைக்கோ பேசி முடித்துத் தருகிறேன். பக்கத்துத் தொழிற்சாலையோடு பகிர்ந்துகொண்டால் செலவு பாதிதான்" என்கிறார். முன்பணமும் கேட்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: முன்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் மூன்றில், விலைக்கு வாங்குவது நடக்காது. வாடகைக்கு விதியில் இடம் இருக்கிறது, ஆனால் அது அவர் கையில் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையோடு பகிர்வது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

முதலில் விலை. இந்தியாவில் ஒரு நிறுவனம் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கலாம். அதற்கான விதிமுறைகளைத் தொலைத்தொடர்புத் துறை 2015 அக்டோபரில் வெளியிட்டது. ஆனால் வாங்குபவர், விற்பவர் இருவருமே செல்போன் சேவைக்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமான நிபந்தனை, விற்றால் அந்தத் தொலைத்தொடர்பு வட்டம் (உரிமத்துக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதி, பெரும்பாலும் ஒரு மாநிலம்) முழுவதற்கும் விற்க வேண்டும் என்பது. ஓசூருக்கு மட்டும், உங்கள் சிப்காட்டுக்கு மட்டும் என்று பிரித்து விற்க முடியாது. நீங்கள் ஒரு சென்ட் மனை கேட்கிறீர்கள், அவர்களால் மாவட்டத்தை மொத்தமாகத்தான் பத்திரம் போட்டுத் தர முடியும். தமிழ்நாடு வட்டம் என்றால் சென்னை, புதுச்சேரி எல்லாம் சேர்ந்தது. இதில் உங்கள் ஊருக்கு ஒரு தனிச் சங்கடமும் உண்டு. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடக வட்டம். ஒரே கம்பெனியிடம் இந்தப் பக்கம் ஒரு அளவும் அந்தப் பக்கம் வேறு அளவும் அலைக்கற்றை இருக்கும்.

மற்ற நிபந்தனைகளும் லேசானவை அல்ல. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை விற்கக் கூடாது. 45 நாள் முன்பே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பரிமாற்றக் கட்டணம் 1 சதவீதம். விற்பவரின் பழைய பாக்கி ஏதாவது பின்னால் வெளியே வந்தால் வாங்கியவரிடமும் அரசு வசூலிக்கலாம். 2021-ல் ஏர்டெல், 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் (அலைவரிசைத் தொகுப்பில்) ஆந்திரா, டெல்லி, மும்பை ஆகிய மூன்று வட்டங்களில் வைத்திருந்ததை ஜியோவுக்கு விற்றது. ஆந்திராவில் 3.75, டெல்லியில் 1.25, மும்பையில் 2.5 மெகாஹெர்ட்ஸ். எல்லாமே 1.25-ன் மடங்கு என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டையில் துண்டு போடும் அளவு அதுதான். ஏர்டெல்லுக்குக் கிடைத்தது சுமார் 1,037 கோடி ரூபாய். அதற்கு மேல் 459 கோடிக்கான எதிர்காலத் தவணைகளை ஜியோ ஏற்றுக்கொண்டது. இந்தச் சந்தையில் சில்லறை வியாபாரம் கிடையாது.

உங்கள் ஆலோசகருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2022 ஏலத்தில் அதானி குழுமம் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. 212 கோடி ரூபாய், சராசரியாக மெகாஹெர்ட்சுக்கு 53 லட்சம். துறைமுகம், விமான நிலையம் போன்ற தங்கள் வளாகங்களுக்குத் தனி வலையமைப்பு போடத்தான் என்று சொன்னார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? 2025 ஏப்ரலில் அந்த 400-ஐயும் ஏர்டெல்லுக்குக் கைமாற்றும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அதில் தமிழ்நாட்டுக்கு உரியது 50, கர்நாடகத்துக்கு 50. அவ்வளவு பெரிய குழுமமே சொந்தமாக அலைக்கற்றை வைத்துக்கொள்வதை விட்டுவிட்ட பிறகு, 25 ஏக்கர் தொழிற்சாலை அந்த வழியில் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. தவிர, 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டவே திணறும். இரும்பு ரேக்குகள் நிறைந்த உங்கள் கிடங்குக்கு அது பொருத்தமும் இல்லை.

பகிர்வு என்பது வேறு சங்கதி. 2015 செப்டம்பரில் வந்த பகிர்வு விதிகளின்படி, ஒரே வட்டத்தில் ஒரே பட்டையில் அலைக்கற்றை வைத்திருக்கும் இரண்டு செல்போன் நிறுவனங்கள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆளுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் என்று தனித்தனியாக ஓட்டுவதைவிட, இரண்டையும் சேர்த்து 10-ஆக ஓட்டினால் நெரிசல் நேரத்தில் இருவருக்குமே வேகம் கூடும். ஜியோவும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் 2016-ல் செய்தது இதுதான். ஆரம்பத்தில் இப்படிப் பகிர்ந்தால், அலைக்கற்றைக்காக அரசுக்குக் கட்டும் பயன்பாட்டுக் கட்டணம் வருவாயில் அரை சதவீதம் கூடும் என்று வைத்திருந்தார்கள். 2021 சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இதில் தொழிற்சாலைக்கு எந்த இடமும் இல்லை. 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பகிர்வு, விற்பனை, குத்தகை மூன்றுக்குமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்கு இடைஞ்சல் வராமல் இன்னொருவருக்கும் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2024 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் இதையொட்டிப் பரிந்துரைகள் கொடுத்தது. ஆனால் சட்டத்தில் இருக்கும் அதிகாரத்தை வைத்து உங்கள் ஆலோசகரால் அலைக்கற்றை கொண்டுவர முடியாது.

சரி, உங்களுக்கு இருக்கும் வழி எது? 2022 ஜூனில் துறை வெளியிட்ட, சொந்த உபயோகத்துக்கான தனியார் வலையமைப்பு விதிகள்தான். அதில் நான்கு பாதைகள். செல்போன் நிறுவனம் தன் பொது வலையமைப்பிலேயே உங்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கித் தரலாம். அல்லது உங்கள் வளாகத்துக்குள்ளேயே தனி ஆன்டெனா, தனி சர்வர் வைத்து, தன் அலைக்கற்றையில் தனி 5ஜி போட்டுத் தரலாம். மூன்றாவது, அந்த நிறுவனத்திடம் அலைக்கற்றையை மட்டும் குத்தகைக்கு எடுத்து, வலையமைப்பை நீங்களே கட்டிக்கொள்வது. நான்காவது, அரசிடமே நேரடியாக வாங்குவது.

நான்காவதை மறந்துவிடுங்கள். எவ்வளவு தேவை இருக்கிறது என்று அரசு கணக்கெடுத்தபோதே, நிகர மதிப்பு 100 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்களைத்தான் அழைத்தது. நேரடியாகக் கொடுக்கக் கூடாது என்று செல்போன் நிறுவனங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. மூன்றாவதுதான் உங்கள் ஆலோசகர் சொல்லும் வாடகை. இதற்கு நீங்கள் தனியார் வலையமைப்பு உரிமம் எடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய், நுழைவுக் கட்டணமோ ஆண்டு உரிமக் கட்டணமோ கிடையாது, காலம் 10 ஆண்டுகள். உரிமம் மலிவுதான். அலைக்கற்றையைத் தர செல்போன் நிறுவனம் மனது வைக்க வேண்டும், தடை அங்கேதான். முதல் இரண்டு பாதைகளில் உங்களுக்கே சேவை விற்று மாதாமாதம் சம்பாதிக்கக்கூடிய நிறுவனம், மூலப்பொருளை மட்டும் உங்களிடம் கொடுத்துவிட்டு ஏன் ஒதுங்கி நிற்கப் போகிறது?

ஜெர்மனியில் கதையே வேறு. 2019 நவம்பரிலிருந்து அங்கே 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ள 100 மெகாஹெர்ட்சைத் தொழிற்சாலை, பண்ணை, துறைமுகம் என யார் வேண்டுமானாலும் தங்கள் நிலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கலாம். கட்டணத்துக்கு ஒரு சூத்திரமே இருக்கிறது: 1,000 யூரோ அடிப்படை, அதோடு மெகாஹெர்ட்ஸ் × ஆண்டுகள் × 5 × பரப்பு. பரப்பு சதுர கிலோமீட்டரில். கட்டடமும் சாலையும் உள்ள நிலமானால் அதை ஆறால் பெருக்க வேண்டும். உங்கள் 25 ஏக்கர் சுமார் 0.1 சதுர கிலோமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ், 10 ஆண்டு என்று போட்டால் 3,000, அடிப்படையோடு சேர்த்து 4,000 யூரோ. நம் பணத்தில் சுமார் 4 லட்சம், பத்து ஆண்டுக்கும் சேர்த்து! அமெரிக்காவில் 3.55 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரை, கடற்படை ரேடார்களுக்கு முதல் உரிமை, ஏலத்தில் எடுத்தவர்களுக்கு அடுத்த உரிமை, மிச்சத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று மூன்று அடுக்கு வைத்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த இடம் காலி என்பதைக் கணினி பார்த்துச் சொல்லும். ஆலோசகர்கள் காட்டும் வெளிநாட்டு வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நாட்டில் எடுத்தவை. நம் ஊர் விதி அதுவல்ல.

ஆக, உங்களுக்கு நடைமுறையில் கைகூடுவது இரண்டாவது பாதை. மஹிந்திராவின் சாக்கன் ஆலைக்கு ஏர்டெல்லும் டெக் மஹிந்திராவும் 2022-ல் தனி 5ஜி கொண்டுவந்தார்கள். அதே வகைதான் இது. ஆனால் அதற்குக் கூட உடனே போக வேண்டாம். உங்கள் வண்டி ஏன் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

பொதுவாக நடப்பது இது. வண்டி ஒரு வைஃபை பெட்டியின் எல்லையிலிருந்து அடுத்த பெட்டியின் எல்லைக்குப் போகிறது. வைஃபையில், எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது வண்டியில் இருக்கும் கருவிதான். பல கருவிகள் பழைய பெட்டியையே கடைசிவரை பிடித்துத் தொங்கும். சிக்னல் முழுக்க அறுந்த பிறகுதான் புதியதைத் தேடும். அந்த நொடியில் கட்டுப்பாட்டு சர்வரிலிருந்து வர வேண்டிய செய்தி வராது. செய்தி வராவிட்டால் நின்றுவிடு என்று பாதுகாப்புக்காகவே வண்டியில் எழுதி வைத்திருப்பார்கள். அதனால் வண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. 5ஜியில் இந்த மாற்றத்தை வலையமைப்பே முன்கூட்டித் தீர்மானிக்கிறது. 5ஜிக்குப் பணம் கொடுக்க உருப்படியான காரணம் இதுதான், வேகம் அல்ல.

இரண்டாவது காரணம் ஷிஃப்ட் மாறும் நேரம். நூற்றுக்கணக்கான போன்கள் பாக்கெட்டில் வைஃபை தேடிக்கொண்டே உள்ளே வரும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. வண்டிகளை அதிலிருந்து எடுத்து 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றுங்கள். அங்கே 2018-ல் அரசு 605 மெகாஹெர்ட்சை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. வேகம் வேண்டும் என்று சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தால் 20-ஆகக் குறைத்துவிடுங்கள். ஆறேழு சேனலாக இருந்தது இருபதுக்கு மேல் ஆகிவிடும். வண்டிக்கு வேண்டியது சில கிலோபைட் செய்திதான். வண்டிகளுக்குத் தனி வைஃபை பெயர் வையுங்கள், ஊழியர் போன்களை அதில் சேர்க்காதீர்கள். தொட்டி அளவு, மின்மீட்டர், வெப்பநிலை சென்சார் போன்றவற்றையும் வைஃபையில் தொங்க விட்டிருந்தால், அவற்றை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் லோரா கருவிகளுக்கு (குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்திகளைத் தூரமாக அனுப்புபவை) மாற்றலாம். அதற்கும் உரிமம் வேண்டாம். வாங்கும் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கருவி வகை ஒப்புதல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சிக்னல் சர்வே எடுக்க வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலை காலியாக இருக்கும்போது வரலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரேக்குகளில் சரக்கு நிறைந்து, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எடுத்த சர்வேதான் பயன்படும்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி நின்றால் செல்போன் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எந்தப் பட்டையில் தரப் போகிறீர்கள், அந்த அலைக்கற்றை எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். அலைக்கற்றை 20 ஆண்டுக்குத்தான். கைமாறினாலும் மிச்சம் இருக்கும் காலம்தான் கூட வரும். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் ஏர்செல்லிடம் ஏர்டெல் 2016-ல் வாங்கிய 2300 மெகாஹெர்ட்ஸ் 2010 ஏலத்தைச் சேர்ந்தது. அதன் ஆயுள் 2030-ல் முடிகிறது. 2022 ஏலத்தில் எடுத்த 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2042 வரை ஓடும். ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தம் போடுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. நடுவில் அந்த அலைக்கற்றையை வேறு நிறுவனத்துக்கு விற்றால் உங்கள் சேவை எந்த நிபந்தனையில் தொடரும், பட்டை மாறினால் வண்டியில் உள்ள மோடத்தை யார் செலவில் மாற்றுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் பக்கத்துத் தொழிற்சாலை. தனியார் வலையமைப்பு உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். உங்களுக்கே இன்னொரு வளாகம் இருந்தால் குத்தகை லைன் (தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி இணைப்பு) போட்டு இரண்டையும் இணைக்கலாம். மதில் தாண்டி அடுத்தவருக்குச் சேவை கொடுத்து அவரிடம் பணம் வாங்கினால், அது அனுமதியில்லாத தொலைத்தொடர்பு சேவை. 2023 சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. செலவைக் குறைக்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்து ஒரே செல்போன் நிறுவனத்திடம் பேரம் பேசுங்கள், ஒப்பந்தத்தைத் தனித்தனியாகப் போடுங்கள். ஒரே கோபுரத்திலிருந்து இரண்டு வளாகத்துக்கும் அவர்கள் கொடுத்துக்கொள்வார்கள். உங்கள் இருவருக்கும் நடுவே பணம் கைமாறாது.

உங்கள் ஆலோசகர் மறுபடி வந்தால், எந்த நிறுவனம், எந்தப் பட்டை, எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று அந்த நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். அது வந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.